முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப் போறீங்களா? மொதல்ல லென்ஸையும் ட்ரை பாக்ஸையும் பாருங்க

பக்கத்து வீட்டு தங்கச்சி எஸ்பிஎம், அதான் ஃபார்ம் 5 பரீட்ச, முடிச்சிட்டு டவுன்ல ஒரு சூப்பர்மார்க்கெட்ல ஆறு மாசம் வேலை பார்த்து 1800 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வச்சிருக்கா, கேமரா வாங்கணும்னு. போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் ஹேண்ட்போன எடுத்துட்டு வந்து "அண்ணே, இது நல்ல வெலையாண்ணே?"ன்னு ஒரு விளம்பரத்த காட்டுனா. புது கேமரா, அதோட சேர்ந்தே வர்ற சாதா லென்ஸ் (கிட் லென்ஸ்னு சொல்லுவாங்க), கூடவே பேக், ட்ரைபாட், மூணு கலர்ல ஃபில்டர், லென்ஸ் முன்னாடி திருகி மாட்டுற, அகலமா காட்டுற வைட் ஒண்ணு, கிட்டக்க இழுக்குற டெலி ஒண்ணு, தொடைக்கிற துணி, மெமரி கார்டுன்னு மொத்தம் 16 சாமான். எல்லாம் சேர்த்து அவ கையில இருக்குற காசுக்கு கச்சிதமா வருது. வேணாம்மான்னு சொன்னதும் அவ மொகம் வாடிப் போச்சு. ஏன் வேணாம்னு அன்னிக்கு வாசப்படியில உக்காந்து அவளுக்கு சொன்னத தான் இங்க எழுதுறேன், ஏன்னா மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் மட்டும் இல்ல, எந்த தோட்டப்புறத்துல இருந்தாலும் மொத கேமரா வாங்குற பிள்ளைங்க பாதிப் பேரு இதே எடத்துல தான் காச விடுறாங்க.

மொதல்ல டிஎஸ்எல்ஆர்னா என்னான்னு பாத்துருவோம். என் கேமராவுல லென்ஸ கழட்டி அவ கையில குடுத்து உள்ள பாருன்னேன். உள்ள ஒரு சின்ன கண்ணாடி 45 டிகிரி சாஞ்சு நிக்கும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் அந்த கண்ணாடியில பட்டு மேல போயி, மேல இருக்குற இன்னும் சில கண்ணாடியில திரும்பி, நம்ம கண்ணு வச்சு பாக்குற ஓட்டைக்கு வருது. அதாவது நீங்க பாக்குறது ஸ்கிரீன் இல்ல, லென்ஸ் பாக்குறத அப்படியே நேரா பாக்குறீங்க. பட்டன அமுக்குனதும் அந்த கண்ணாடி படக்குன்னு மேல ஏறிக்கும், பின்னாடி இருக்குற ஷட்டர் தொறந்து மூடும், அந்த நேரத்துல சென்சார்ல வெளிச்சம் விழும், அது தான் படம். கேமரா சத்தம்னு நம்ம சொல்றோமே, அது அந்த கண்ணாடியும் ஷட்டரும் போடுற சத்தம். அவ ஒரு பத்து தடவ சும்மாவே அமுக்கி அமுக்கி பாத்தா, அந்த சத்தம் பிடிச்சுப் போச்சு அவளுக்கு.

இப்போ எல்லாரும் மிர்ரர்லெஸ், அதாவது அந்த கண்ணாடி இல்லாத கேமரா, வாங்குறாங்களே, இத வாங்கலாமான்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கேனன் ஆர் வரிசையும் நிக்கான் இசட் வரிசையும் 2018ல வந்ததுக்கு அப்புறம் ரெண்டு கம்பெனியும் முழுசா அந்தப் பக்கம் போயிட்டாங்க, அவங்க கிட்ட இருந்து புது டிஎஸ்எல்ஆர் மாடல் வர்றது ஏறக்குறைய நின்னு போச்சு. ஆனா அதனால தான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது நல்ல நேரம்னு நான் சொல்றேன். எல்லாரும் மாத்துறாங்க, அதனால நல்ல நெலமையில இருக்குற பழைய டிஎஸ்எல்ஆர் செகண்ட் ஹேண்ட்ல நிறைய வருது. கேனனோட இஎஃப் மவுன்ட் (லென்ஸ் மாட்டுற வளையம்) 1987ல வந்தது, நிக்கான் எஃப் மவுன்ட் 1959லயே வந்தது, அத்தன வருஷமா செஞ்ச லென்ஸ் சந்தையில கெடக்கு. நாளைக்கு மிர்ரர்லெஸ்ஸுக்கு போனாலும் அந்தந்த கம்பெனி அடாப்டர போட்டா இப்ப வாங்குற லென்ஸ் அதுலயும் வேல செய்யும். கையில நாலாயிரம் அஞ்சாயிரம் வெள்ளி இருந்தா நேரா மிர்ரர்லெஸ் வாங்கிக்குங்க. 1800 தான் இருக்குன்னா டிஎஸ்எல்ஆர் தான், யோசிக்கவே வேணாம்.

அடுத்து மெகாபிக்சல், அதாவது படத்துல எத்தன பத்து லட்சம் புள்ளி இருக்குங்கற கணக்கு. கடையில மொதல்ல இதத் தான் சொல்லுவாங்க. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 4ஆர் பிரிண்ட் நாலு இஞ்சிக்கு ஆறு இஞ்சி, ஒரு இஞ்சிக்கு 300 புள்ளின்னு வச்சா 1200க்கு 1800, மொத்தம் ரெண்டு மெகாபிக்சல் சொச்சம். பூஜ ரூம்ல மாட்டுற ஏ3 சைசுக்கே 17, 18 போதும். இப்ப செகண்ட் ஹேண்ட்ல கெடைக்கிற சாதாரண மாடல் எல்லாமே 18ல இருந்து 24 வரைக்கும் இருக்கு, அதனால அந்த நம்பர பாத்து வாங்காதீங்க. ஹேண்ட்போன்ல 50, 108ன்னு போட்டுருக்கேன்னு கேட்டா தங்கச்சி. ஹேண்ட்போன் சென்சார் பெரும்பாலும் சுண்டு வெரல் நகத்துக்கும் சின்னது, கேனன் டிஎஸ்எல்ஆர் சாதாரண மாடல் சென்சார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர், ஒரு சின்ன ஸ்டாம்ப் அளவு. மழத் தண்ணிய டம்ளர்ல பிடிக்கிறதுக்கும் அண்டாவுல பிடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் தான், அகலமா இருக்குற பாத்திரத்துல தான் நிறைய விழும். இங்க தண்ணிக்கு பதிலா வெளிச்சம், அவ்ளோ தான்.

வெளிச்சம்னு வந்ததும் தான் லென்ஸ் பேச்சுக்கு வரணும், இத கொஞ்சம் நிதானமா படிங்க.

எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி ராத்திரி தான் நடக்கும். பூக்குழியில இருந்து வர்ற செவப்பு வெளிச்சம், மேல கட்டுன ரெண்டு மூணு லைட்டு, அவ்ளோ தான் வெளிச்சம், ஆளுங்க ஓடி வருவாங்க. மொத வருஷம் நான் கிட் லென்ஸ் வச்சு எடுத்தேன், 55எம்எம்ல, அதாவது கிட்டக்க இழுக்குற கடைசி வரைக்கும் ஜூம் பண்ணா அந்த லென்ஸ் எஃப் 5.6க்கு மேல தொறக்காது. ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா வெளிச்சத்த எவ்ளோ கூட்டிக்குதுங்கற நம்பர, 6400க்கு ஏத்தியும் ஷட்டர் 1/25 செகண்டுக்கு மேல போகல, அந்த வேகத்துல ஓடுற மனுஷன் படத்துல கோடு கோடா தான் தெரிவான். அந்த ராத்திரி எடுத்த இருநூத்துச் சொச்சம் படத்துல ஒண்ணு கூட குடுக்குற மாதிரி இல்ல, கோயில் தலைவருக்கு நான் வாக்கு குடுத்திருந்தேன், வெறுங்கையோட போயி நின்னேன். அடுத்த வருஷம் அதே பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா), அதே எடம், அதே ஐஎஸ்ஓ, லென்ஸ் மட்டும் 50எம்எம் எஃப் 1.8. ஷட்டர் 1/250க்கு ஏறிடுச்சு. நெருப்பு மேல தூக்குன கால் அப்படியே நிக்குது, மஞ்சத் துணியோட மடிப்பு கூட தெளிவா தெரியுது.

இதுல மாயம் ஒண்ணும் இல்ல. எஃப் நம்பர்ங்கறது லென்ஸ் எவ்ளோ அகலமா தொறக்குதுன்னு சொல்ற நம்பர், நம்பர் சின்னதா ஆக ஆக ஓட்ட பெருசு. 5.6ஐ 1.8ஆல வகுத்து அத அதே நம்பரால பெருக்குனா ஏறக்குறைய பத்து வரும், அதாவது பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வருது. 1/25ல இருந்து 1/250க்கு போனது இதனால தான். பாடிய மாத்தி இந்த பத்து மடங்க வாங்கணும்னா ஆயிரக்கணக்குல செலவாகும், இந்த சின்ன லென்ஸ் செகண்ட் ஹேண்ட்ல முன்னூறு வெள்ளிக்கு உள்ளயே கெடைக்குது. அதான் திரும்பத் திரும்ப சொல்றேன், பாடியில மிச்சம் பிடிச்சு லென்ஸ்ல போடுங்க.

கிட் லென்ஸ் வேஸ்ட்டான்னு கேட்டா இல்ல. பகல்ல, வெளிய, குடும்பப் படத்துக்கு 18-55 அருமையான லென்ஸ். அதுல ஐஎஸ், விஆர்னு போட்டுருக்கும், அது உங்க கை நடுங்குறத தான் சரி பண்ணும், எதிர்ல ஆளு ஓடுறத நிறுத்தாது. நிறைய பேரு இதுல ஏமாந்து போறாங்க.

ஃபிக்ஸ் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், எது வாங்குறதுன்னு முடிவு பண்ண ஒரு வழி சொல்றேன். நம்ம சாதாரண டிஎஸ்எல்ஆர் சென்சார்ல 50எம்எம் போட்டா கேனன்ல 80 மாதிரி தெரியும், அதாவது கொஞ்சம் கிட்டக்க இழுத்த மாதிரி. மொகத்துக்கு அழகு, ஆனா லயத்து வீட்டு ஹால்ல நாலு பேர ஒண்ணா நிக்க வச்சா பின்னாடி செவுத்துல முட்டிக்குவீங்க, எடம் பத்தாது. வீட்டுக்குள்ள தான் அதிகம் எடுப்பேன்னா கேனன்ல 24எம்எம் எஃப் 2.8, நிக்கான்ல 35எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ் பாருங்க. முடிவு பண்ண முடியலன்னா ரெண்டு வாரம் கிட் லென்ஸ்லயே எடுங்க, அப்புறம் படத்தோட விவரத்துல எத்தன எம்எம்ல எடுத்தோம்னு இருக்கும், அத எண்ணிப் பாருங்க. எந்த நம்பர் அதிகமா வருதோ அது தான் உங்க லென்ஸ்.

கேனனா நிக்கானான்னு சண்ட போடுறதுக்கு நான் வரல, ரெண்டும் நல்லது. உங்க அண்ணனோ மாமாவோ எத வச்சிருக்காரோ அத வாங்குங்க, லென்ஸ் கடன் வாங்கலாம். ஆனா சில நுணுக்கம் தெரிஞ்சுக்கணும். நிக்கான் டி3000 வரிசை, டி5000 வரிசை பாடிக்குள்ள ஃபோக்கஸ் மோட்டார் இல்ல. அதனால வெல கொறச்சலா கெடைக்குதேன்னு பழைய 50எம்எம் ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கி மாட்டுனா ஆட்டோ ஃபோக்கஸ் வராது, லென்ஸ் பேர்ல ஏஎஃப்-எஸ்னு இருக்கணும், இல்ல டி3500, டி5600 மாதிரி பின்னாடி வந்த பாடின்னா ஏஎஃப்-பியும் ஓடும். டி3100, டி5100 மாதிரி பழசுல அந்த ஏஎஃப்-பி ஃபோக்கஸே ஆகாது. கேனன் 250டி (இதுக்கே 200டி மார்க் 2ன்னும் பேரு), 1500டியில மேல ஃபிளாஷ் மாட்டுற எடத்துல நடுவுல இருக்க வேண்டிய பின் இல்ல, அதனால மத்த கம்பெனியோட வெல கொறஞ்ச மேனுவல் ஃபிளாஷ் பாதி அதுல அடிக்காது. கல்யாணம், சடங்குன்னு ஃபிளாஷ் தேவப்படும்னா 2017ல வந்த 200டி எடுங்க, அதுல பின் இருக்கு. 3000டியில லென்ஸ் மாட்டுற வளையமே பிளாஸ்டிக், அத விட்டுருங்க. இவ்ளோ தெரிஞ்சா போதும், மத்தபடி கையில பிடிச்சுப் பாத்து வெரல் எங்க உக்காருதுன்னு பாருங்க, தங்கச்சிக்கு கை சின்னது, 200டி அவளுக்கு சரியா உக்காந்துச்சு.

செகண்ட் ஹேண்ட் பாக்கப் போறப்போ உங்க மெமரி கார்ட கொண்டு போங்க. வெள்ள செவுத்தயோ வானத்தயோ எஃப் 16ல வச்சு ஒரு படம் எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க, கறுப்புப் புள்ளி தெரிஞ்சா சென்சார்ல தூசி, அது சுத்தம் பண்ணிக்கலாம், கோடோ கீறலோ இருந்தா வேணாம். பேட்டரி மூடிய தொறந்து உள்ள பச்சையா வெள்ளையா பூத்துப் போயி இருக்கான்னு பாருங்க. இந்த மாதிரி சின்ன பாடியோட ஷட்டர் ஒரு லட்சம் தடவைக்கு சோதிச்சிருப்பாங்க, நிக்கான்னா ஷட்டர் கவுன்ட் படத்தோட விவரத்துலயே இருக்கும், கேனன் அப்படி சுலபமா காட்டாது. வித்தவரு கல்யாணத்துக்கு போயிட்டு இருந்தாரா, வீட்டுல பிள்ளைங்கள எடுத்தாரான்னு பேச்சுக் குடுத்து தெரிஞ்சுக்குங்க. எல்லாத்துக்கும் மேல லென்ஸ கழட்டி, ஹேண்ட்போன் டார்ச்ச பின்னாடி பக்கம் அடிச்சு முன்னாடி சாய்வா பாருங்க. ஏன்னு அடுத்து சொல்றேன்.

இது எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம். நான் மொத மொதல்ல ஆசப்பட்டு வாங்குன 70-300 லென்ஸ பேக்குக்குள்ளயே போட்டு அலமாரியில வச்சிருந்தேன். மூணு மாசம் மழ, வேல, எடுக்கவே இல்ல. எடுத்து வெளிச்சத்துல பிடிச்சா உள்ள கண்ணாடியில செலந்தி வல மாதிரி வெள்ளையா மெலிசா நூல் நூலா படர்ந்து இருக்கு, நடுவுல ஒரு புள்ளி, அதுல இருந்து நாலாப் பக்கமும் வேர் விட்ட மாதிரி. தொடச்சா போகல, ஏன்னா அது உள்பக்கம். பூஞ்சக் காளான். ஈப்போவுல ஒரு கடையில கழட்டி தொடச்சுத் தந்தாங்க, ஆனா அது விடுற அமிலம் கண்ணாடி மேல பூசியிருந்த கோட்டிங்க அரிச்சிடுச்சு, அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, வெயிலுக்கு எதிரா எடுத்தா படம் பால் ஊத்துன மாதிரி வெளுத்துப் போகுது.

நம்ம ஊரு அப்படி. விடியக்காத்தால பால்மரக் (ரப்பர்) காட்டுல, செம்பனக் காட்டுல நடந்தா சட்டையே ஈரமாயிடும், காத்துல ஈரப்பதம் அந்த நேரத்துல 90 சதவீதம் தாண்டி நிக்கும். 60க்கு மேல தொடர்ந்து இருந்தாலே காளானுக்கு கொண்டாட்டம். கேமரா பேக்குல இருக்குற பஞ்சு ஈரத்த பிடிச்சு வச்சுக்கும், அதனால தூக்கிட்டுப் போக மட்டும் தான் பேக்கு, அதுல போட்டு மூடி வைக்காதீங்க, தோல் ஒறையும் அதே கத தான். அதனால மொத சாமான் ட்ரைபாட் இல்ல, ட்ரை பாக்ஸ், அதாவது கேமராவ ஈரம் புகாம வைக்கிற டப்பா. கரண்ட்ல ஓடுற சின்ன கேபினட் வாங்க முடிஞ்சா நல்லது. முடியலன்னா ரப்பர் வளையம் போட்டு இறுக்கி மூடுற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, ஈரப்பதம் காட்டுற குட்டி மீட்டர் ஒண்ணு, சிலிக்கா ஜெல் ஒரு பாக்கெட், அம்பது வெள்ளிக்குள்ள முடிஞ்சிரும். மீட்டர் 40ல இருந்து 50க்குள்ள நிக்கணும். ரொம்ப காஞ்சு 30க்கு கீழ போனாலும் லென்ஸ்ல இருக்குற ரப்பருக்கும் கிரீஸுக்கும் நல்லதில்ல. ஜெல் கல்லு நீலமா இருந்து ரோஸ் ஆயிட்டா ஈரம் குடிச்சிடுச்சுன்னு அர்த்தம், சூடு பண்ணா திரும்ப நீலமாகும். ஆனா அந்த நீலக் கல்லுல கோபால்ட் குளோரைடு இருக்கு, சமைக்கிற சட்டியில வறுக்காதீங்க, பிள்ளைங்க இருக்குற வீடுன்னா ஆரஞ்சு கலர் கல்லா பாத்து வாங்குங்க. அரிசி போட்டு வைக்கிற வேல வேணாம், அதுல இருந்து வர்ற மாவுத் தூசி லென்ஸுக்குள்ள போகும்.

இதோட சேர்ந்தது இன்னொண்ணு. ஏர்கோன் ரூம்ல இருந்தோ கார்ல இருந்தோ சட்டுன்னு வெளிய எடுத்தா லென்ஸ் மேல ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியாது, தாலி கட்டுற நேரத்துல இப்படி ஆனா நெனச்சுப் பாருங்க. வெளிய போறதுக்கு முன்னாடியே கேமராவ ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு மூடி, வெளிய வந்து ஒரு அரை மணி நேரம் கழிச்சு எடுங்க, ஈரம் பை மேல தான் படியும்.

மத்த சாமான் எல்லாம் சட்டுன்னு சொல்லிடுறேன். மெமரி கார்டு 32 ஜிபி ஒண்ணு இல்ல ரெண்டு, 64 ஒண்ணே ஒண்ணு வாங்குறத விட அது மேல், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். நல்ல கடையில வாங்குங்க, டூப்ளிகேட் நிறைய சுத்துது. பேட்டரி கண்டிப்பா ஒண்ணு கூட வேணும், 200டிக்கும் 250டிக்கும் எல்பி-இ17, 1500டிக்கும் 3000டிக்கும் எல்பி-இ10, மாத்தி வாங்கிடாதீங்க. புளோயர், அதான் ரப்பர் பந்து மாதிரி அமுக்குனா காத்து வர்றது, அத மொதல்ல அடிச்சுட்டு தான் துணியால தொடைக்கணும், செம்மண் ரோட்டுத் தூசி லென்ஸ் மேல இருக்குறப்போ துணிய வச்சு தேச்சா உப்புத்தாள் வச்சு தேச்ச மாதிரி. ட்ரைபாட் இப்ப வேணாம். விளம்பரத்துல சும்மா குடுக்குறது காத்து அடிச்சாலே ஆடும், அதுல கேமராவ நிக்க வச்சா ஒரு நாள் கீழ விழும். ஃபிளாஷ் ஒரு வருஷம் கழிச்சு பாத்துக்கலாம், கூரையில அடிச்சு திருப்பலாம்னா நம்ம லயத்து வீட்டுல வெள்ள சீலிங் எங்க இருக்கு, தகரம் தானே. லென்ஸ் முன்னாடி திருகுற வைட், டெலி எல்லாம் ஹேண்ட்போனவிட மோசமா ஓரத்த கலக்கிடும், கலர் ஃபில்டரும் அப்படித் தான். அந்த 16 சாமான்ல பதிமூணு இப்படி கழிஞ்சு போச்சு.

தங்கச்சி கடைசியில ஈப்போ பக்கம் ஒருத்தர் கிட்ட 200டியும் 18-55ம் சேர்த்து 1150 வெள்ளிக்கு பேசி முடிச்சா, டார்ச் அடிச்சு நானே பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. ரெண்டு வாரம் எடுத்தத எண்ணிப் பாத்தா பாதிக்கு மேல 50க்கு பக்கத்துல, எல்லாம் அவ பாட்டி தான். பாட்டி நாப்பது வருஷம் பால்மரம் வெட்டுனவங்க, உளி பிடிச்சு பிடிச்சு வலது கை ஆள்காட்டி வெரல் பக்கம் தோல் தடிச்சுப் போயி இருக்கும், அந்தக் கையத் தான் திரும்பத் திரும்ப எடுத்து வச்சிருக்கா. அதனால 50எம்எம் செகண்ட் ஹேண்ட்ல 250, டப்பா மீட்டர் ஜெல்லுக்கு 40, கார்டு ரெண்டுக்கு 50, பேட்டரி 50, புளோயர் 10. 250 வெள்ளி மிச்சம், அத தொடாம வச்சிருக்கா.

டப்பாவுல மீட்டர் 71ல இருந்து 46க்கு எறங்க ரெண்டு நாள் ஆச்சு. தீமிதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுவரைக்கும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டு டியூப் லைட்டுல ஐஎஸ்ஓ 3200, எஃப் 2, ஷட்டர் 1/125 வச்சு, பாட்டி வெத்தல மடிக்கிறத எடுத்து பழகச் சொல்லியிருக்கேன்.